பக்கத்து வீட்டில் ஒலித்த மணி

சென்ற ஐப்பசியில், விக்கிரமங்கலத்தை அடுத்த எங்கள் ஊர்ப் பள்ளியில் மாணவர்கள் செய்த கருவிகளைப் பார்வையிட என்னை அழைத்திருந்தார்கள். அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்த மரியாதை.

ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் ஒரு மணி செய்திருந்தனர். தனியாக வாழும் முதியவர் காலை ஏழு மணிக்குள் வாசற்கதவைத் திறக்காவிட்டால், பக்கத்து வீட்டில் அது ஒலிக்கும். இணைப்புகள் கச்சிதமாக இருந்தன. ஆயினும் ஒரு வீட்டில் பொருத்திச் சோதித்த பிறகே மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்களாம். ஊரில் எவரும் இடம் தரவில்லை.

"பெத்த புள்ளைங்க கைவுட்டுட்டாங்கன்னு ஊரே பேசும், எடுத்துட்டுப் போங்கடின்னு வெரட்டுறாங்க சார்" என்றாள் ஒருத்தி.

மற்றவள், "உங்க வூட்டுல யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

என் மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில். விசாரிப்பவர்களிடம், அடுத்த மாதம் அவனிடம் போகப் போவதாகச் சொல்வதே என் வழக்கம். அன்றும் அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவ்விரு முகங்களையும் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல இயலவில்லை.

"நான் மட்டுந்தான்" என்றேன். உடனிருந்த ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளே மாணவியர் பக்கத்து வீட்டில் கேட்டு, அங்கே மணியை மாட்டிக் கம்பி இழுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டாருடன் தலையசைப்பைத் தாண்டி எனக்குப் பழக்கம் கிடையாது.

அந்த வாரத்திலேயே ஒருநாள், இரவு பெய்த மழையில் கொல்லை முருங்கையின் கிளை முறிந்து கிடந்தது. வாசற்கதவைத் திறக்காமலே பின்பக்கம் போய், ஏழு மணி தாண்டியது தெரியாமல் அதை வெட்டிக்கொண்டிருந்தேன். முன்புறம் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. சற்றைக்கெல்லாம் பக்கத்து வீட்டம்மா கையில் கரண்டியோடு சந்து வழியே ஓடி வந்தார். பின்னால் கடப்பாரையுடன் அவர் கணவர்.

"உசுரே போயிடுச்சு சார்! கொல்லைக்கு வர்றதுன்னா கதவத் தொறந்து வச்சுட்டு வரக் கூடாதா? என்ன மனுசரு நீங்க!"

"இன்னும் கொஞ்சம் விட்டா ஒங்க தேக்குக் கதவு போயிருக்கும் சார்" என்றார் கணவர்.

என்னை அப்படிக் கடிந்துகொள்ள வெகுகாலமாக ஒருவரும் இருந்ததில்லை. முறிந்த கிளையிலிருந்து முருங்கைக்கீரையை ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்தேன்.

மாணவியர் கருவியைக் கழற்றிக்கொண்டு மாவட்டப் போட்டிக்குச் சென்றனர். பரிசு கிடைக்கவில்லை. திரும்பி வந்ததும், மீண்டும் பொருத்தித் தருமாறு நானே கேட்டுக்கொண்டேன்.

வீட்டினுள் பேச இன்றும் எவருமில்லை. ஆயினும் நான் எழுந்துவிட்டேனா என்று அறியக் காத்திருக்கும் ஒரு வீடு சுவருக்கு அப்பால் உண்டு என்ற நினைவோடுதான், ஒவ்வொரு காலையும் தாழ்ப்பாளில் கை வைக்கிறேன்.