பேர் சொல்லும் பிள்ளை

காது கேளாத என் பேத்தி, கள்ளக்குறிச்சியில் கைமொழி வகுப்புக்குப் போய்வந்ததும் என்னைப் பார்த்துத் தன் முன்பல்லைத் தட்டினாள்.

"உங்களுக்குப் பேரு வச்சிகீறா அத்தே. பல்லு போச்சில்ல, அதான்" என்று மருமகள் சிரித்தாள்.

எனக்கோ அம்மாவின் மூக்குத்தி ஞாபகம் வந்தது.

என் அக்காவுக்கும் காது கேட்காது. முந்தானையை இழுத்துத்தான் அம்மாவைக் கூப்பிடுவாள். "ஒருவாட்டி வாய் தொறந்து கூப்புட மாட்டாளா?" என்று அம்மா ஏங்குவாள். விடுதிப் பள்ளியிலிருந்து அக்கா லீவுக்கு வந்திருந்தபோது, இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். தியாகதுருகம் ரோடெல்லாம் பச்சை வேப்ப வாசனை. பஸ் இல்லாததால் லீவு முடிந்தும் அக்கா வீட்டிலேயே தங்கினாள். எனக்குக் கொண்டாட்டம்!

விடுதிப் பிள்ளைகளின் கைப்பேச்சை அப்போதுதான் எங்களுக்குக் காட்டினாள். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்குத்தி போடும் இடத்தில் விரல் வைத்தால் அம்மா. எப்போது கூப்பிடுவாளோ என்று அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கேழ்வரகுக் களி அடிப்பிடித்தது.

"இன்னாடி, பெத்தவளையே பேரு சொல்லிக் கூப்புடுது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கூப்புடட்டுங்க்கா! இன்னும் நல்லா கூப்புடட்டும்!" என்றாள் அம்மா.

இருங்கள், பேத்தி மறுபடியும் பல்லைத் தட்டுகிறாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள்.