மானாப்புல் அறுக்கப் போனவர்கள்

நேற்று, வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டபிறகு தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, சாக்பீஸ் எடுத்துவரச் சொல்வதுபோல ஒரு வேலை சொன்னார்.

"டீச்சர், அடுத்த மாசம் இன்ஸ்பெக்டர் வர்றார். ஒங்க வகுப்புல படிப்பு ஏறாத கேசு நாலஞ்சு இருக்குமே, அதுகள அன்னிக்கு வீட்டுலயே நிறுத்திக்கச் சொல்லிடுங்க."

சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு நோர்வூட் பஸ்ஸைப் பிடிக்க இறங்கி நடந்தேன். பாதி இறக்கத்தில் கால் தானாக நின்றுவிட்டது. வீட்டில் ஏன் நிறுத்த வேண்டும்? அந்த நாலைந்து பேரையும் முதல் வரிசையில் உட்காரவைத்தால் என்ன? வருகிறவர் அவர்களைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? டாக்டர் வருகிற அன்றைக்கு நோயாளிகளை ஒளித்துவைக்கிற ஆஸ்பத்திரி உண்டா? எனக்கு ஓர் எண்ணம் வந்தால் அப்படித்தான், அதை யாரிடமாவது கொட்டாமல் இருக்க முடியாது. அங்கே கொட்டுவதற்குத் தேயிலைச் செடிகளைத் தவிர ஆளில்லை. அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் மானாப்புல் அறுக்கப் போனது நினைவுக்கு வந்தது.

அப்போது இலங்கைக்குச் சுதந்திரம் வந்த புதிது என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரு புதுக் கரும்பலகை மட்டுமே. தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம். அதற்குள் ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறு மூலையில் பாட்டு, நடுவில் பாடப்புத்தகம். எல்லாமே கூட்டமாகக் கத்துவதுதான். மழை தகரத்தில் விழுந்தால் மழையைவிடச் சத்தமாகக் கத்த வேண்டும். அப்படிக் கத்துவதில் நான் கெட்டிக்காரி. என் வகுப்பில் யாருக்காவது வரி மறந்துபோனால் என் வாயைப் பார்த்துத்தான் தொடர்வார்கள்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆனால் நான் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் அவன் இரண்டாம் வகுப்பிலேயே இருந்தான். எழுத்து அவனோடு ஒட்டவில்லை. இன்றைக்கு எழுதிய 'ம' நாளைக்கு அவனுக்குப் புது ஆள். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்துக்கு முதலில் போகிறவன் அவன்தான். வாத்தியார் வருவதற்கு முன்பே ஜன்னல்களைத் திறந்து, பலகையைத் துடைத்து வைத்திருப்பான். காய்ச்சல் வந்தாலும் வீட்டில் தங்கமாட்டான்.

அவனுக்கு என்ன கோளாறு என்பதைப் பற்றி ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள். வாத்தியார் சோம்பல் என்றார், முட்டி போடவைத்தார். அம்மா மூளைச் சூடு என்றாள். தண்ணீர் ஓடுகிற கானோரம் முளைக்கிற வல்லாரையைப் பறித்துவந்து காலையும் மாலையும் அரைத்துக் கொடுத்தாள். கூடவே எனக்கும் ஒரு உருண்டை. எனக்குப் படிப்பு ஓடியதற்கு அந்த உருண்டைதான் காரணம் என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பேர் வாங்கிக்கொண்டாள். அண்ணனுக்கு நாக்கு பச்சையானதுதான் மிச்சம். ஹற்றனில் தையல் கடையில் வேலை பார்த்த மாமா, "அக்கா, இவனுக்குக் கண்ணுதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லி, யாரோ ஒரு பெரியவர் கழற்றிப் போட்ட கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் அண்ணன் நடந்துவர, கொழுந்துக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டு நின்று, "சலாமுங்க கண்டாக்கையா!" என்றார்கள். தோட்டத்து உத்தியோகஸ்தராகிவிட்ட எங்கள் கண்டாக்கையா நாலு எட்டு வைத்துக் கானுக்குள் விழுந்தார். அம்மா கண்ணாடியையும் மாமாவையும் ஒன்றாகவே வெளியே அனுப்பினாள்.

அப்பா எந்த முடிவும் சொல்லவில்லை. அவர் வாத்தியாரைப் போய்ப் பார்த்தார். "பையனுக்கு ஏறாதுப்பா, வீணா எதுக்கு" என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அதோடு விஷயம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் வந்துபோனதும் அடுத்த மாதப் பிறப்பில் அண்ணனுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிவதென்று ஏற்பாடு. பேர் பதிந்துவிட்டால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாது.  மறுநாளிலிருந்து அண்ணன் இன்னும் வெள்ளென எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தான்.

இனி மானாப்புல்லுக்கு வருகிறேன். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் எங்கள் வாத்தியார் சில பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "நீங்கள்லாம் ஆத்துப் பக்கம் போய் மானாப்புல் அறுத்துட்டு வாங்க. மணி அடிக்கிற வரைக்கும் இங்கிட்டு வரப்படாது, தெரிஞ்சுதா?" கூரை ஒழுக்கை அடைக்கவும் விளக்குமாறு கட்டவும் புல் வேண்டும் என்பது காரணம். அம்மாக்கள் அன்றைக்கு அவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுப்பார்கள். புல் அறுக்கக் கொஞ்ச நேரம் போதும். மீதி நேரமெல்லாம் ஆற்றில் கல் விட்டெறியலாம், துணியை விரித்து மீன் பிடிக்கலாம். நாங்களோ எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையோடு, அசையாமல், மூக்கை உறிஞ்சக்கூடப் பயந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அண்ணன் பேர் வந்தது. என் பேர் ஒருமுறைகூட வரவில்லை. வாத்தியாருக்குப் பிடித்தவர்களுக்குத்தான் அந்தப் பரிசு என்று நான் உறுதியாக நம்பினேன். ஜன்னல் திறந்து பலகை துடைக்கிறவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்?

அந்த வருடம் வந்த இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், உயரமானவர். ஈரக் குடையை வாசலில் சாத்திவைத்துவிட்டு உள்ளே வந்தார். எங்களை வாசிக்கச் சொன்னார். நாங்கள் தகரம் அதிரக் கத்தினோம். கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைத் தனியாக எழுப்பினார். நான் மூச்சுவிடாமல் ஒரு பக்கத்தை ஒப்பித்து முடித்தேன். வாத்தியாரின் முகத்தில் வெயில் அடித்தது.

"நல்லா வாசிக்கிறீர் பிள்ளை. உமக்கு என்ன வேணும், சொல்லும் பாப்பம்."

இப்படிக் கேட்கிற பெரியவர் தினமும் வருவாரா? நான் யோசிக்கவே இல்லை.

"என்னையும் எங்கண்ணன்கூட மானாப்புல் அறுக்க அனுப்பச் சொல்லுங்க சார்."

"எந்த அண்ணன்?"

"அவங்க எல்லாரும் ஆத்துல இருக்காங்க சார். நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் சார் அவங்களத்தான் அனுப்புவாரு. என்ன அனுப்பவே மாட்டேங்குறாரு."

வாத்தியாரின் முகத்தில் அடித்த வெயில் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு குரலை உயர்த்தாமல், "மணியை அடியுங்கோ மாஸ்டர்" என்றார்.

மணி கேட்டதும், புல் அறுக்கப் போனவர்கள் வேலை முடிந்ததென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே மேலே ஏறிவந்தார்கள். முழங்கால்வரை ஈரம், தலையில் புல்கட்டு, முன்னால் அண்ணன். வாசலில் குடையைக் கண்டதும் அவன் சிரிப்பு நின்றது. கட்டை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தான். இன்ஸ்பெக்டர் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து நீட்டினார்.

அண்ணன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான். விரலை முதல் எழுத்தின் மேல் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பனி பெய்கிற அந்தக் குளிரில் அவன் மேலுதட்டில் வியர்த்திருந்தது. பின்வரிசையில் யாரோ கிசுகிசுக்க, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கி மூடினார்.

"சரி, வாசிக்க வேண்டாம். பாடம் ஒண்டை வாயாலை சொல்லும்."

அண்ணன் தலை நிமிர்ந்தது. "எந்த வகுப்புப் பாடங்க சார்?"

"உமக்கு எத்தினை வகுப்புப் பாடம் தெரியும்?"

"எல்லாமே காதுல விழுதுங்களே சார்."

இந்தமுறை இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அண்ணன் சொல்ல ஆரம்பித்தான். ஐந்தாம் வகுப்பில் மழை உண்டாவதைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டே ஜன்னலைக் காட்டி, "அந்தா, கீழ பள்ளத்துலருந்து வெள்ளையா ஏறுது பாருங்க, அதான் சார். இங்க வந்து குளிர்பட்டதும் தண்ணியாயிரும்" என்றான். அது புத்தகத்தில் இல்லாதது. வாய்க்கணக்கு கேட்டார், டக்டக்கென்று விடை வந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, நான் ஒப்பித்த பக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எத்தினை வருசமா இந்த வகுப்பிலை இருக்கிறான்?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

வாத்தியார் ஓர் எட்டு முன்னால் வந்தார். "சார்... அஞ்சு வகுப்பு, ஒத்த ஆளு சார் நான். கூட்டமாப் படிக்கையில யாரு படிக்கிறா, யாரு சும்மா வாயசைக்கிறான்னு..." வாத்தியாரின் வேலையும் அந்த மனிதர் கையில்தான் இருந்தது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

"தெரியும் மாஸ்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவனுக்கு என்ன குறையெண்டு எனக்கும் விளங்கேல்லை. ஆனா மொக்கன் இல்லை. இன்னும் ஒரு வருசம் வைச்சுப் பாருங்கோ. எழுத்தைத் திரும்ப முதலிலை இருந்து, தனியக் குடுங்கோ. மற்றதெல்லாம் வாயாலை கேளுங்கோ." அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வாத்தியார் எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் லயத்துப் பக்கம் வருகிறவரே அல்ல. அம்மா பதறிப்போய்ப் பலகையைத் துடைத்துப் போட்டாள், அவர் உட்காரவில்லை.

"பேர் பதியிறத ஒரு வருஷம் தள்ளிவையுங்க" என்றார் அப்பாவிடம்.

"ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க சார்? கணக்கப்பிள்ளையய்யாகிட்ட வேற சொல்லியாச்சுங்களே."

"சொன்னேன். இப்ப இல்லேன்னு சொல்றேன். கணக்கப்பிள்ளைகிட்ட நானே பேசிக்கிறேன்."

அப்பா ரொம்ப நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு வருஷந்தான் சார்" என்றார்.

"வல்லாரைய நிறுத்தலாமுங்களா சார்?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"நிறுத்துங்கம்மா. வெள்ளென அனுப்பிவிடுங்க, அது போதும்."

அந்த ஒரு வருடமும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்னால், அண்ணன் திறந்துவைத்த ஜன்னல் பக்கத்தில் அவனும் வாத்தியாரும் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் ஈரத்துக்கு மணல் காயவே காயாது, விரலால் எழுதினால் கட்டிகட்டியாக வரும். அதனால் வாத்தியார் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கேட்டுக் கழிவுத் தேயிலைத் தூள் கொஞ்சம் வாங்கிவந்து, ஒரு தகரத் தட்டில் பரப்பினார். ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்து. சில எழுத்துக்கு அதற்கு மேலும். எரிச்சலில் வாத்தியார் எழுந்து போய்விட்டுத் திரும்பிவந்த நாட்களும் உண்டு. வருடம் முடிகையில், வரிக்குக் கீழே விரலை நகர்த்தி, வழுக்குப் பாறையில் ஏறுகிறவன்போல, அண்ணன் முதலாம் வகுப்புப் புத்தகத்தை வாசித்தான். அப்பா சொன்ன சொல் மாறாதவர். அடுத்த மாதம் பேர் பதிந்தார். இன்றைக்கு அண்ணன் ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறான். சுவரில் ஒட்டுகிற அறிவித்தல்களை, மற்றவர்கள் போனபிறகு, தனியாக நின்று வாசிப்பான்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று, வாத்தியார் லயத்துக்கு வருவதற்கு முன்னால், நானும் அண்ணனும் வீட்டுக்கு நடந்தோம். ஆற்றுப் பாலத்தருகே வந்ததும் அவன் நின்று கேட்டான்:

"புள்ள, இனிமே அவரு வந்தா எங்கள அனுப்பமாட்டாங்கள்ல?"

அவன் கண் கலங்கியிருந்தது. மீனும் ரொட்டியும் போய்விட்டதே என்று வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதண்ணே, அடுத்த வருஷம் நான் வாயே தொறக்கமாட்டேன். நீ பாட்டுக்குப் புல்லறுக்கப் போகலாம்" என்று சத்தியம் செய்தேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "சரியான பைத்தியம் நீ" என்று சொல்லிச் சிரித்தான், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தான். ஒளித்துவைக்கப்படுகிறோம் என்பது அவனுக்கு முதல் வருடத்திலேயே தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய எத்தனையோ வருடம் ஆயிற்று.

பஸ் வந்து ஏறிய பிறகும் மனம் சும்மா இருக்கவில்லை. என் வகுப்பில் அந்த நாலைந்து பேர் முதல் வரிசைக்கு வருவார்கள், தலைமையாசிரியர் என்ன சொன்னாலும். அவரோடு சண்டை வரும், வரட்டும். ஆனால் உட்காரவைத்தபிறகு என்ன செய்வது? வாத்தியாரும் அம்மாவும் மாமாவும் இன்ஸ்பெக்டரும் ஆளாளுக்கு அண்ணனைச் சோதித்தார்கள். பயிற்சிக் கல்லூரியில் எனக்கும் சோதிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எழுத்தைப் பார்க்கும்போது உனக்கு என்ன தெரிகிறது என்று அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் லீவு. அண்ணன் வீட்டில்தான் இருப்பான். காலையிலேயே போய் அவன் முன்னால் உட்கார்ந்து, முதலில் அதைக் கேட்கப் போகிறேன். திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளிடம்.