நாயின் உயரம்

மேடம் விட்டுப்போன தாளில் பதினோரு கட்டளைகள் இருந்தன. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிழலில். காலை ஏழுக்கு மேல் தார்ச்சாலையில் நடத்தக் கூடாது. பதினொன்றிலிருந்து நான்குவரை ஓட்டோ சமையலறைக் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஓட்டோ சப்பை மூக்கு நாய். விண்ட்ஹூக் நகரத்தின் டிசம்பர் கோடை வெயிலில் அதற்கு மூச்சு விடுவதே ஒரு வேலை.

வீட்டுக்காரர்கள் மூன்று வாரம் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். வீட்டு வேலை பார்க்கும் லாஹ்யா இருபத்திரண்டாம் தேதி வடக்கே தன் ஊருக்குப் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. இருபத்தேழில் அவள் மகள் தைமியின் கல்யாணம். அவள் திரும்பும்வரை நாயை அடுத்த வீட்டுத் தோட்டக்காரர் எராஸ்டஸ் பார்த்துக்கொள்வார். மேடம் தலையாட்டிய ஏற்பாடுதான்.

ஆனால் தெருவில் நடந்த ஒரு திருட்டு மேடத்தின் மண்டைக்குள் புகுந்திருந்தது. கிளம்பும் அவசரத்தில் பூட்டுகளை மாற்றி, அலாரத்தைப் போட்டு, சாவியோடு போய்விட்டார். சமையலறையும் அந்தப் பூட்டுக்குள்.

அவர்கள் கிளம்பிய அன்று பகலே ஓட்டோ முற்றத்தில் சரிந்து விழுந்தது. நாக்கு ஊதா நிறமாகியிருந்தது. ஈரத்துணியைப் போர்த்தி, பாதங்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு லாஹ்யா போன் போட்டாள்.

"மேடம், சமையலறை பூட்டியிருக்கு. என் அறையில படுக்கவைக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்! அந்தத் தகரக் கூரைக்குக் கீழயா? செத்துப்போயிடும்!"

லாஹ்யா அந்தக் கூரையின் கீழ் ஒன்பது கோடைகள் படுத்திருக்கிறாள். இரண்டு முறை மின்விசிறி கேட்டாள். வடக்கத்தி ஆட்கள் வெயிலுக்குப் பழகினவங்கதானே என்று மேடம் சிரித்தார்.

அரை மணியில் மேடம் அனுப்பிய காவல் நிறுவனத்து ஆள் மாற்றுச் சாவியோடு வந்து பின்கதவைத் திறந்தான். பின்னாலேயே மருத்துவர் வந்து ஊசி போட்டார்.

"மேமே, ஒன்னு சொல்றேன்," என்றான் காவல்காரன்; பெரிய பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கதவை மட்டும்தான் அலாரத்துலேர்ந்து எடுத்திருக்கேன். உள்ள சுவர்ல இருக்கிற அலாரக் கண்ணு நாயைக் கண்டுக்காது. ஆனா அதுக்கு மேல உயரமா எது அசைஞ்சாலும் ஊரே அலறும்."

"அப்ப நான் எப்படிப் போறது? அதை நிறுத்திடுப்பா."

"அதை நிறுத்துற நம்பரை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு மேடம் உத்தரவு." அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். "மண்டி போட்டுத்தான் போகணும்."

அப்படித்தான் போனாள். வாளியை முன்னால் தள்ளி, பின்னால் ஊர்ந்து. மதிலுக்கு மேலிருந்து எராஸ்டஸ் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேமே, குழந்தையாயிட்டீங்களா?"

"சிரிங்க, சிரிங்க. நாலு நாள்ல உங்க முறை."

"என் முட்டிக்கா? இதை மடக்குனா நிமித்த கிரேன் வரணும்."

இருபத்தோராம் தேதி மேடம் கூப்பிட்டார். "இந்த நிலைமையில அதைப் புது ஆள்கிட்ட விட முடியுமா, லாஹ்யா? அவரால குனியக்கூட முடியாதாமே. கல்யாணத்தை இப்பல்லாம் போன்லயே பாக்கலாம்."

போகலாம்தான். போனால் திரும்பி வர வேலை இருக்காது. லாஹ்யா பஸ் சீட்டை மடித்துத் தலையணைக்குள் செருகினாள்.

இருபத்தேழாம் தேதி, உச்சி வெயில். சமையலறைத் தரை ஓடுகளின்மேல் அவள் முழந்தாளிட்டிருந்தாள். ஓட்டோவின் வயிறு ஏறி இறங்கியது. அன்று காலை தட்டில் வைத்த கோழியை மிச்சமில்லாமல் தின்றிருந்தது. போனைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். திரையில் வெள்ளை உடுப்பில் தைமி வாசலைத் தாண்டி வந்தாள். மாட்டுவால் மயிர் விசிறியை ஆட்டியபடி பெண்கள் எழுந்தார்கள். குலவை கிளம்பியது.

"அம்மா, கேக்குதா? உன் முறைக்காக எல்லாரும் நிறுத்திட்டாங்க. நீ எழு!"

திரைக்குள் கூட்டம் அமைதியானது. பெற்றவள் குலவையை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பெற்றவளும் உட்கார்ந்து போடுவதில்லை.

லாஹ்யா எழுந்தாள். நாக்கு சுழன்று குலவை புறப்பட்ட அதே நொடி, சுவரெல்லாம் சேர்ந்து அலறியது. ஓட்டோ மேசைக்கடியில் ஓடி ஒளிந்தது. அலறலுக்குள் தன் குலவை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. தைமியின் முகம் திரையிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் மேடத்தின் அழைப்பு துடித்தது.

"லாஹ்யா! ஓட்டோவுக்கு ஒன்னும் ஆகலியே?"

"இல்ல மேடம்," என்றாள், மறுபடி மண்டியிட்டபடி. "நல்லா இருக்கு."