பர்வீன் அக்காவின் படகை மூழ்க விடமாட்டேன்

தேநீர் இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பழைய தொழிற்சாலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், "நம்ம பர்வீன் மேடம் தவறிட்டாங்க" என்று யாரோ போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதில் ஒரு ஜோடிக் கை எங்கள் முன்னாள் சூப்பர்வைசருடையது. ஓசூரில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர், மாடி காலியாகக் கிடந்தபோதும் பர்வீன் அக்காவுக்குத் தர மறுத்தவர். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் அவர் செலவில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸும் தொங்கியது. வீடு தர வராத மனம் பிளெக்ஸ் கட்ட மட்டும் எப்படி வந்ததென்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் கிருஷ்ணகிரிக்காரர். தரப் பரிசோதனைப் பிரிவில் நானும் அவரும் பல வருடம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். கணவரைப் பிரிந்து தனியாக இருந்தார். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறினார். அதே மாதம் அவர் குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார்கள்.

வீடு தேடி ஓசூர் முழுக்க என் வண்டியில்தான் அலைந்தோம். ஒரு வீட்டில் அறைகளையெல்லாம் காட்டிய பிறகுதான் அந்த அம்மாள், "பேரு என்னாங்க?" என்று கேட்டார். சொன்னதும், "அடடா, எங்க சொந்தக்காரங்க வரேன்னு சொல்லிகினு இருக்காங்கோ" என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். வாசலில் 'வீடு வாடகைக்கு' பலகை அப்படியே தொங்கியது. அக்காவின் ஆட்கள் வாழும் தெருவிலும் போய்க் கேட்டோம். அங்கே ஒரு பெரியவர், "தனியா இருக்கற பொம்பளைக்குக் குடுத்தா நாளைக்கு என்னைய நாலு பேரு கேப்பாங்கம்மா, தப்பா நெனைக்காதே" என்றார். நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். "அவங்க பேரைப் பாக்கறாங்க, இவங்க ஆம்பளையைத் தேடறாங்க. ரெண்டும் எங்கிட்ட சரியில்ல. வா கோமதி, டீ குடிக்கலாம்" என்றார்.

சூளகிரிப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு விடுதி இருக்கிறது. புதுமணத் தம்பதிகள் தங்குவதற்கென்று கேரளத்திலிருந்து ஒரு வீட்டுப் படகை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வெயில் காலத்தில் ஏரி நாறியது. ஒரு ஜோடி வந்து ஒரே நாளில் ஓடியது என்று கேள்வி. அதன்பிறகு படகு படகுத்துறையில் சும்மா கிடந்து அழுகியது. அக்கா அதைப் போய்ப் பார்த்தார், ஆட்குறைப்பில் வந்த பணத்தில் வாங்கியும் விட்டார். தள்ளிவிட்டால் போதும் என்றிருந்த விடுதிக்காரர்கள், படகு மிதக்கும் வரை துறையில் அந்த இடம் அதற்கே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை நாள் மிதக்கப் போகிறது என்று உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள்.

நாங்கள் தண்ணீர் கண்ட ஊர்க்காரர்கள் அல்ல. எதையும் இறுக்கிக் கட்டினால்தான் பத்திரம் என்று நினைப்பவர்கள். முதல் கோடையில் அக்கா, மாட்டைக் கட்டுவது போலப் படகைத் துறையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். ஏரித் தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, படகு சரிந்துவிட்டது. நான் போனபோது தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரு மூலையில் கிடந்தன. நடுவில் அக்கா சரிந்த கட்டிலில் கால் ஊன்றி உட்கார்ந்து, "கயித்தை விட்டுக் குடுக்கணுமாம், இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தண்ணீர் ஏற ஏற இழுத்துக் கட்டுவதும் இறங்க இறங்கத் தளர்த்துவதும் அவருக்குச் சமையலைப் போல அன்றாட வேலையாயிற்று.

வேலைக்கா பஞ்சம். விடிந்ததும் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் ஊறிய தண்ணீரைக் கைப்பம்பு அடித்து வெளியேற்ற வேண்டும். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தார் பூச வேண்டும். குடிதண்ணீர்க் கேனை ஸ்கூட்டியில் கொண்டுவர வேண்டும். கழிவறைத் தொட்டி நிரம்புவதற்குள் லாரிக்காரரைக் கெஞ்சி அழைக்க வேண்டும். மழைக்காலத்தில் உப்பும் பூஞ்சை பிடிக்கும் போலிருக்கும். அவரைக் கிளப்பி இடத்தைத் திரும்ப வாங்கப் பார்த்த விடுதிக்காரர்கள் ஒருநாள் மின்இணைப்பைத் துண்டித்தார்கள். கூரைமேல் சோலார் தகடு வைத்துக்கொண்டார். இவ்வளவு பாடு எதற்கு என்று நான் சலித்துக்கொண்டபோது சொன்னார்: "வீட்டுக்காரன் நான் யாருன்னு கேப்பான். படகு ஓட்டை எங்கன்னு மட்டுந்தான் கேக்கும். அதுக்கு எங்கிட்ட பதில் இருக்குது."

தனக்கு அப்புறம் வீடு கிடைக்காத எவளாவது இதில் இருக்கட்டும் என்றும் பலமுறை சொல்லியிருக்கிறார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் சமைத்த பிரியாணியைத் தின்றுவிட்டுத் தலையாட்டிய நம் எல்லோருக்கும் அது தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அன்று மதியம் நெஞ்சு வலிக்கிறதென்று அக்காவே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. துறைக்குப் போக ஒரே வழியான விடுதி வாசலில் காவலாளி நிறுத்தினார். உள்ளே ஏதோ கம்பெனி விருந்து, இந்த வழியாக விடக்கூடாதென்று உத்தரவாம். மேனேஜருக்குப் போன் போட்டு, அவர் எடுக்காமல், மறுபடி போட்டு, அனுமதி வாங்கிய பிறகு கேட் திறந்தது. அதற்குள் அக்கா போய்விட்டார். இதை என்னிடம் சொன்னது ஆம்புலன்ஸ் ஓட்டுநர். முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுங்க. கேட்டுல நின்னுகினு இருந்தது மட்டும் தெரியும்" என்றார். எனக்கும் அது போதும். அந்த விடுதியை நான் மன்னிக்கப் போவதில்லை.

கிருஷ்ணகிரியில் அடக்கம் முடிந்ததும் அக்காவின் தம்பி படகுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "எனக்குத் தண்ணின்னா பயங்க. அவங்க ஆசைப்படி நீங்களே பாருங்க" என்றார். அடுத்த நாள் நான் துறைக்குப் போனபோது மேனேஜர் எதிரே வந்தார். வருத்தம் தெரிவித்தார். பிறகு மெதுவாக, "நாங்க அந்தப் படகை ஒண்ணும் பண்ண மாட்டோம் மேடம். ஆள் இல்லேன்னா அதுவா போயிடும்" என்றார்.

அந்த 'அதுவா' என்ற சொல் என் காதைவிட்டு இன்னும் போகவில்லை. படகை உடைக்க வேண்டாம், வழக்குப் போட வேண்டாம். யாரும் தண்ணீர் இறைக்காமல் இருந்தால் போதும், சில நாளில் தானாக மூழ்கும், இடமும் தானாக அவர்கள் கைக்கு வரும். அக்காவுக்கு வீடு இல்லாமல் போனதும் இப்படித்தான். யாரும் அடித்து விரட்டவில்லை. ஆளாளுக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள்.

பேக்கிங் பிரிவில் செல்வி என்றொரு பெண் இருக்கிறாள். மத்தூர்க்காரி, கைக்குழந்தையோடு கணவனை விட்டு வந்தவள். ஏறி இறங்கிய வீடெல்லாம் அவளுக்கும் 'சொந்தக்காரங்க வர்றாங்கோ' தான். படகைக் காட்டினேன். குழந்தைக்காகச் சுற்றிலும் கம்பி வலை அடித்துவிட்டால் வந்துவிடுகிறேன் என்றாள். வேலை நடக்கிறது. அவள் வரும்வரை படகு மிதக்க வேண்டும். ஷிஃப்டுக்கு முன்னால் நான் தினமும் போய்ப் பம்பு அடிக்கிறேன். கையைத் தூக்க முடியாமல் என் தோள்பட்டை வீங்கியிருக்கிறது.

பர்வீன் அக்கா யார்மேலும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "எனக்கு எங்கேடி நேரம், அடியில தண்ணி ஏறிகினு இருக்குது" என்பார். அவர் நேரமில்லாமல் விட்டுப்போன கோபத்தை எல்லாம் நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து அதுவும் அந்தக் கைப்பம்பும்தான். கோபத்தை யாருக்கும் பங்கு தரமாட்டேன். பம்பைத் தருவேன். குழுவில் கைகூப்பிய அத்தனை பேருக்கும் கை இருக்கிறதென்று தெரிந்துகொண்டேன். நாளைக் காலையில் யார் வருகிறீர்கள்?