பிரிட்டோவும் ஒரு சீனச் சொல்லும்

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது மேனேஜர் போன் செய்தார். "பிரிட்டோ போயிட்டாருங்க." நான், "எங்கே, லீவா? என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றேன். நெஞ்சுவலி, ராத்திரியே உயிர் போய்விட்டது என்றார். அடப்பாவி! முந்தின நாள் மதியம்தானே என் டப்பாவிலிருந்த புளியோதரையை வழித்துத் தின்றார்!

சீனாவிலிருந்து மெஷின் பாகங்கள் தருவிக்கும் வேலை எங்கள் இருவருக்கும். அதற்காகச் சேர்ந்தே ஆன்லைனில் சீனம் படித்தோம் என்பது அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு நாக்கு புரளவில்லை. அவரோ வண்டியில் வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். "தப்பாவாவது பேசுங்க ராகவன், வாய மூடிக்கிட்டு இருந்தா எந்த பாஷையும் வராது" என்பார்.

அப்படித் தப்பாகப் பேசியதுதான் 'ஜியே ஆய்'. துக்கத்தை அடக்கிக்கொள் என்று அகராதியில் பொருள் பார்த்துவிட்டு, கப்பல் தாமதமாகி நொந்துபோயிருந்த சீன வியாபாரி லின்னிடம் போனில் ஆறுதலாகச் சொல்லிவிட்டார். "ஐயோ, என் வீட்டில் யார் செத்தது?" என்று லின் அலறினார். துக்க வீட்டாரிடம் மட்டும் சொல்லும் சொல்லாம் அது. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. பிரிட்டோவுக்கோ அந்தச் சொல் மேலேயே கோபம். "நல்லா இருக்கே! எழவு வீட்ல போய் அழுகைய அடக்குங்கன்னா நம்ம ஊர்ல உதைக்க மாட்டாங்க?" என்றார்.

பொன்மலையில் அவர் வீட்டுக்குப் போனால், அவர் மனைவி மேரி அழவே இல்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார். "அழுதுடு மேரி, உள்ளயே வெச்சுக்காத" என்று பெண்கள் கெஞ்சினார்கள். எங்களுக்கெல்லாம் பயமாகிவிட்டது. லின்னுக்கு நான் தகவல் அனுப்பியிருந்தேன். வீட்டாருக்கான அவருடைய பதில் பிரிட்டோவின் போனுக்கு வந்தது. மேரி அதை என்னிடம் நீட்டி, "என்னண்ணே எழுதியிருக்காரு?" என்று கேட்டார்.

அதே ஜியே ஆய். பொருளைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பொய்யும் வரவில்லை. "துக்கத்த அடக்கிக்கச் சொல்றாரும்மா. நீங்க அடக்காதீங்க" என்றேன்.

"எப்பவும் இவருதானேண்ணே எனக்குப் படிச்சுச் சொல்லுவாரு" என்றார் மேரி. பிறகு அவர் போட்ட அலறல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அவரை எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டுகூட வரவில்லை.

மறுநாள் ஆபீசில் என் போனைத் திறந்தேன். லின் எனக்கும் தனியாக அதையே எழுதியிருந்தார். துக்க வீட்டாருக்கு மட்டும் சொல்வதை, ரத்த உறவு ஏதுமில்லாத ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு. நான் அந்த வீட்டு மனிதன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரிட்டோ எனக்கு விட்டுப்போனது அந்த உறவைத்தான். மேஜையில் தலை கவிழ்ந்து, அடக்காமல் அழுதேன்.