சாவி ஆபீஸில் இருக்கிறது

டவுனில் இருக்கிற அந்த அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசாதவர்கள்தான் குறைவு. டவுன் பஸ்ஸில் பேசுவார்கள், ரேஷன் கடையில் பேசுவார்கள், எங்கள் கம்பெனி கேன்டீனில் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசுவார்கள். "பிரைவேட் ஸ்கூலெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கோணுமுங்க" என்பார்கள். ரிசல்ட் வந்த மறுநாள் பள்ளி வாசலில் ஃபிளக்ஸ் கட்டிவிடுவார்கள். பாஸ்போர்ட் போட்டோவில் முழிக்கிற பிள்ளைகள், ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் மார்க். ஊரே நின்று பார்த்துவிட்டுப் போகும்.

என் மகளும் அப்படி நின்று பார்த்தவள்தான். பத்தாவது முடித்ததும் அந்தப் பள்ளியைத் தவிர வேறு பேச்சே அவளிடம் இல்லை. அவளுக்கு டாக்டராக வேண்டும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு உண்டு. நடுவில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் அது போச்சு. பல்லடம் ரோட்டில் அவள் படித்த பள்ளி பத்தாவதோடு முடிகிறது. அடுத்திருக்கிற மேல்நிலைப் பள்ளியில் பயாலஜி குரூப் இருக்கிறது, பயாலஜி டீச்சர்தான் இல்லை. ஆக டவுன் பள்ளியில் சீட்டு கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அவள் ஆசை அத்தோடு சரி. இதை அவளே எனக்கு விரல் மடக்கிச் சொன்னாள்.

"சரி, போய்ப் பார்ப்போம். நல்லா இருந்தால் சேர்க்கலாம்" என்றேன். அதற்கே வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். என் நாத்தனார் தன் பிள்ளைகளை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் போட்டிருக்கிறாள். "கவர்மென்ட் ஸ்கூலுக்குப் போயி இத்தன ரோசனை எதுக்குங்க அண்ணி? குடுத்தாச் சேத்திப்போட்டு வாங்க" என்றாள். காசு கட்டுகிறவர்களுக்குத்தான் பள்ளிக்கூடத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிற உரிமை, ஓசியில் படிக்கிற பிள்ளையின் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம்.

என் வேலையும் அப்படி. பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆட்கள் ஆடிட்டுக்கு வருவார்கள். அவர்கள் தையலைப் பார்க்க வருவதில்லை, தைக்கிறவர்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வருகிறார்கள். தீ பிடித்தால் ஓடுகிற கதவு திறக்கிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா, கழிவறைக்குப் போக விடுகிறோமா என்பதெல்லாம் அவர்கள் கேள்வி. அதற்குக் கம்பெனியைத் தயார் செய்வது நான். வருஷக்கணக்காக இதையே செய்வதால், ஒரு இடம் நிஜமாகச் சுத்தமா, விருந்தாளிக்காகச் சுத்தமா என்று எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். "பொண்ணு மாப்பிள்ளையப் பாக்கறதுக்கு முன்னாடி கக்கூஸப் பாக்கற ஒரே ஆளு நீதான்" என்பார் வீட்டுக்காரர்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தபோது, அரை நாள் லீவு போட்டு மகளோடு போனேன். வராந்தா முழுக்கப் பெற்றோர். கோயில் வரிசையில்கூட அப்படி ஒரு பவ்யத்தைப் பார்த்ததில்லை. எங்கள் முறை வந்து உள்ளே போனோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் சிலரையும் அறைக்குள்ளேயே நிற்க வைத்திருந்தார்கள்.

தலைமை ஆசிரியை என் மகளின் மார்க்கைப் பார்த்தார். "நல்ல மார்க்கு கண்ணு. பயாலஜி குரூப்பு தரலாம்" என்றார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், தினமும் டெஸ்ட், சாயங்காலம் இருட்டுகிறவரை படிப்பு, சனிக்கிழமை நீட் பயிற்சி என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எந்தப் பாடத்துக்கு எந்த டீச்சர், யார் லீவு போட்டால் யார் வருவார் என்று நான் குடைந்து குடைந்து கேட்டேன். ஒன்றுக்கும் தடுமாறவில்லை. இவ்வளவு உழைக்கிற பள்ளியை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

"ஒருக்கா ஸ்கூலைச் சுத்திப் பாத்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் பேனா நின்றது. எனக்குப் பின்னால் நின்ற ஒரு அப்பா கொக்கரித்துச் சிரித்தார். தலைமை ஆசிரியை மணியடித்து ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "இவங்களுக்குச் சுத்திக் காட்டு" என்றார். மகள் எழுந்திருக்கவில்லை. சீட்டை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் போனேன்.

லேப் நன்றாக இருந்தது. லைப்ரரியில் புத்தகம் அழுக்காக இருந்தது, அதாவது பிள்ளைகள் எடுக்கிறார்கள். கழிவறை எங்கே என்று கேட்டதும் ஆயாம்மா தயங்கினார்.

"பூட்டியிருக்குதுங்க. சாவி ஆபீஸ்ல இருக்குது."

"எடுத்துட்டு வாங்க. நிக்கறேன்."

கொண்டுவந்து திறந்தார். புது டைல்ஸ். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சோப்பில் பொறித்திருந்த எழுத்துகூடத் தேயவில்லை. நேரம் பன்னிரண்டு ஆகப்போகிறது. எட்டு மணியிலிருந்து பெண்பிள்ளைகள் நிறைந்து கிடக்கிற கட்டடத்தில் இப்படி ஒரு தரையா? ஆள் புழங்கினால் தண்ணீர் சிந்தும், சிந்தாவிட்டால் ஆள் புழங்கவில்லை. இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

சாக்பீஸ் வாங்க வந்த ஒரு பன்னிரண்டாவது வகுப்புப் பெண் எதிரே வந்தாள். "கண்ணு, கிளாஸ் நேரத்துல பாத்ரூம் போக உடுவாங்களா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆயாம்மாவைப் பார்த்தாள். "எப்ப வேணும்னாலும் போலாங்க மேடம். ஒரு பிரச்னையும் இல்லீங்க மேடம்."

பிரச்னை உண்டா என்று நான் கேட்கவே இல்லை. ஆடிட் நாளில் பயந்துபோன புதுத் தையல்காரப் பெண்கள் இப்படித்தான் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்வார்கள். திரும்பி வரும்போது ஒரு வகுப்பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெஞ்சிலும் தண்ணீர் பாட்டில் இருந்தது, எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தது. வெளியே அப்படி வெயில் கொளுத்துகிறது, ஒரு பிள்ளைகூட வாய் வைக்கவில்லை.

அறைக்குத் திரும்பி நேராகவே கேட்டுவிட்டேன். தலைமை ஆசிரியை மறைக்கவில்லை.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தொறந்து உடறோமுங்க. மத்த நேரம் தொறந்து வெச்சா டெஸ்டுக்குப் பயந்துட்டு உள்ள போயி உக்காந்துக்கறாளுங்க. கழுவறதுக்கு ஒரே ஆளு, அதும் பாதி நாள் வர்றதில்ல. நான் டீச்சருங்களை உட்டுக் கழுவச் சொல்லட்டுங்களா?"

"அதுக்காக எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் அடக்கி வெப்பீங்களா? வயசுப் புள்ளைங்க, மாசத்துல அந்த நாள் வந்தா என்ன பண்ணுவாங்க? எங்க கம்பெனில ஒரு டெய்லரை இப்படி வெச்சா ஆர்டரே போயிருமுங்க."

"இது கம்பெனி இல்லீங்களே" என்றார். குரல் உயரவில்லை. "புடிக்கலீன்னா நீங்க தாராளமா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கலாமுங்க. வெளிய எத்தன பேரு நிக்கறாங்கன்னு பாத்துட்டுத்தான வந்தீங்க?"

எங்கள் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அறைக்குள் நின்றவர்களில் மூன்று அம்மாக்கள். ஒருத்தியாவது வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன். அவர்களும் பெண்தானே, அவர்கள் பிள்ளைகளும் பெண்பிள்ளைதானே. ஒருத்தி சுவரைப் பார்த்தாள். ஒருத்தி நேரமாகிறது என்று காட்டுகிற மாதிரி செல்போனைப் பார்த்தாள். மூன்றாவது ஆள் என்னை முறைத்தாள். சிரித்த அப்பாதான் பேசினார். "ஏனுங்க அம்மிணி, கெடைக்கற சீட்ட எதுக்குக் கெடுத்துக்கறீங்க? ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுட்டு இருந்தாப் புள்ள டாக்டரு." கடிக்கப்போவது அவர் பல் இல்லை. அதனால் அவருக்குச் சுலபம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரையும் அன்று நான் வெறுத்தேன், இன்றும் அந்த வெறுப்பு குறையவில்லை.

"எந்திரி, போலாம்" என்றேன் மகளிடம்.

அவள் எழுந்திருக்கவில்லை. நான் சொல்லி அவள் கேட்காதது அதுதான் முதல் தடவை. "அம்மா, நீ பேசாம இரு" என்றாள் மெல்ல. இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். வந்து எங்கே போவது? டீச்சர் இல்லாத பள்ளிக்கா? என் ரோஷத்துக்கு அவள் படிப்பைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்தேன்.

தலைமை ஆசிரியை என்னை விட்டுவிட்டு அவளிடம் குனிந்தார். "ஏன் சாமி, உங்கம்மா இப்படிச் சொல்றாங்க. உனக்கு இந்தப் பள்ளிக்கூடம் செரிப்பட்டு வருமா?"

என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீட்டில் மூச்சு விடாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்க்கிறவள் அவள்.

"எனக்கு அடிக்கடி போக வேண்டியதில்லீங்க மேடம். நான் தண்ணியே அவ்வளவா குடிக்க மாட்டேனுங்க."

மார்க்கோடு சேர்த்து அதையும் ஒரு தகுதியாகச் சொன்னாள். "சமத்து" என்று அவர் அவள் கன்னத்தைத் தட்டினார். சீட்டு கிடைத்துவிட்டது.