எலுமிச்சைக்குப் பக்கத்தில் ஒரு முகமூடி

தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு வேனுக்குத் திரும்பினோம். கழுத்து தடித்த எங்கள் ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துப் பகல் தூக்கத்தில் இருந்தார். மூக்கில் குழாய் பொருத்திய முகமூடி. பக்கத்தில் ஒரு சின்ன மெஷின்.

எழுந்ததும் முகமூடியைத் துடைத்து, கண்ணாடியருகே எலுமிச்சைச் சரத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

“சாமி கும்பிட்டு வாரோம், சீக்குக்காரன் சாமான அங்கனயா தொங்கவிடுவீக? எடுத்து உள்ள வைங்க,” என்றார் என் மச்சான். நானும் தலையாட்டினேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

“வைக்க மாட்டேண்ணே. தூங்கும்போது எனக்குத் தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வருது. இது காத்தத் தள்ளி, அடைக்காமப் பாத்துக்கிடும். இது இல்லாத காலத்துல பட்டப்பகல்ல ஸ்டியரிங்லயே கண்ணு சொக்கும். அப்பவும் இந்த எலுமிச்சம்பழம் இங்கனதான் தொங்குச்சு.”

வேன் கிளம்பியது.

ராமநாதபுரம் வருவதற்குள் மச்சான் குறட்டை விட ஆரம்பித்தார். திடீரென்று அது நின்றது. அப்பாடா என்றிருந்தது எங்களுக்கு. ஓட்டுநர் மட்டும் வண்டியை ஓரங்கட்டி, மச்சான் ஒரு திணறலோடு மறுபடி மூச்சை இழுக்கும்வரை, திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.